செல்லின் உட்சட்டகமும் செல் வகை மாற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் உயிரியலில் உட்சட்டகம் பற்றிய பகுதிக்கு வந்தவுடன், யார் கேட்டாலும் ஏறத்தாழ ஒரே ஐயங்கள்தான் எழுகின்றன. ஒரு செல் தசையாகவோ நரம்பாகவோ தோலாகவோ மாறுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவை இன்னும் பெருகுகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாகத் தொகுத்திருக்கிறேன்.

1. செல்லுக்குள் சட்டகம் என்பது வெறும் உவமையா, உண்மையிலேயே அப்படி ஒன்று இருக்கிறதா?

உண்மையிலேயே இருக்கிறது. சவ்வுக்கும் உட்கருவுக்கும் இடையில் புரத இழைகளின் அடர்ந்த வலை பரவியிருக்கிறது. சவ்வைக் கரைக்கும் வேதிப்பொருளைக் கொண்டு மேலுறையை நீக்கிய பிறகும், அந்த வலை செல்லின் வடிவத்தைப் பெருமளவு தாங்கி நிற்பதை மின்னணு நுண்ணோக்கியில் காணலாம்.

ஆனால் ‘சட்டகம்’ என்ற சொல் மனத்தில் எழுப்பும் படம் பாதிதான் சரி. கட்டடத்தின் இரும்புக் கம்பி போட்ட இடத்தில் கிடக்கும். நகரும் செல்லின் முன்விளிம்பில் இருக்கும் ஆக்டின் என்ற புரதத்தின் இழையோ ஒரு நிமிடத்துக்குள் உருவாகிக் கலைந்தும் போய்விடக்கூடும். வலையின் ஒட்டுமொத்த அமைப்பு நிலைத்திருக்க, அதிலுள்ள துணுக்குகள் மட்டும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கின்றன. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் பல விடைகள் எளிதாகப் புரியும்.

2. மூன்று வகை இழைகள் எதற்கு? ஒன்று போதாதா?

மூன்றும் செய்கிற வேலைகள் வேறு. ஆக்டின் இழை சுமார் 7 நானோமீட்டர் தடிப்புள்ளது. மயோசின் என்ற இயக்கப் புரதத்துடன் சேர்ந்து இழுக்கவும் சுருங்கவும் வல்லது. சவ்வை முன்னே தள்ளுவதும் அதுவே. நுண்குழல் சுமார் 25 நானோமீட்டர் குறுக்களவுள்ள உள்ளீடற்ற குழல். கைனெசின், டைனீன் ஆகிய இயக்கப் புரதங்கள் சரக்கைச் சுமந்து செல்லும் தண்டவாளம் அது. இடைநிலை இழை சுமார் 10 நானோமீட்டர் தடிப்புள்ளது, கயிறுபோல் முறுக்கேறியது, இழுத்தால் எளிதில் அறுந்துவிடாதது.

ஆக்டின் இழைக்கும் நுண்குழலுக்கும் இரு முனைகளும் ஒரே மாதிரியானவை அல்ல. ஒன்று வேகமாக வளரும் முனை, மற்றது மெதுவான முனை. இடைநிலை இழைக்கு அந்தத் திசை வேறுபாடு இல்லாததால், எந்த இயக்கப் புரதமும் அதைப் பாதையாகக் கொண்டு நடப்பதில்லை. அளவைப் பற்றி ஒரு சிறு கணக்கு: நுண்குழலின் அடிப்படை அலகான டியூபுலின் இணை 8 நானோமீட்டர் நீளமுள்ளது; குழலின் சுவரில் பொதுவாக 13 வரிசைகள் இருக்கின்றன. ஆக, ஒரு மைக்ரோமீட்டர் நீளமுள்ள குழலுக்குச் சுமார் 1,600 அலகுகள் தேவைப்படுகின்றன. வளரும் நுண்குழல் இவ்வளவையும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் அடுக்கிவிடுவது வழக்கம்.

3. எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ. தானே? பிறகு ‘வகை மாறுகிறது’ என்றால் என்ன மாறுகிறது?

எந்தெந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்பது மாறுகிறது. அதனால் செல் உருவாக்கும் புரதங்களின் பட்டியல் மாறுகிறது; வடிவமும் வேலையும் அதையொட்டி மாறுகின்றன. முன்னோடிச் செல் ஒன்று தசைச் செல்லாக முதிர்வதும், ஓரிடத்தில் ஒட்டியிருந்த செல் நகரும் செல்லாவதும், ஆய்வகத்தில் தோல் செல்லைக் குருத்தணுவாக, அதாவது பல வகைச் செல்களாக மாறும் வாய்ப்புள்ள செல்லாக, திருப்புவதும் இதில் அடங்கும்.

4. அப்படியானால் வகை மாறும்போது பழைய சட்டகத்தை முழுவதும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறதா?

பெரும்பாலும் இல்லை. இடிப்பதற்கென்று தனியாக ஒரு கட்டம் தேவைப்படுவதும் இல்லை, ஏனெனில் சட்டகம் எப்போதும் கலைந்து உருவாகிக்கொண்டேதான் இருக்கிறது. 1984-இல் டிம் மிச்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் நுண்குழல்களைப் பற்றி இதையே காட்டினார்கள்: ஒரே கரைசலில், ஒரே நேரத்தில், சில குழல்கள் வளர்ந்துகொண்டிருக்க, மற்றவை திடீரெனச் சரிந்து சுருங்கின. இப்படித் தானாகவே கலையும் அமைப்பில், எங்கே புதிய குழல் முளைக்கிறது, எது கலையாமல் காக்கப்படுகிறது என்ற இரண்டையும் மாற்றினால் போதும். சில மணி நேரத்தில் முழு அமைப்பும் வேறாகிவிடும்.

இடைநிலை இழைகளின் கதை வேறு. அங்கே கட்டுமானப் பொருளே மாறுகிறது. மனிதரிடம் இவ்வகைப் புரதங்களுக்குச் சுமார் 70 மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் 54 கெரட்டின்களுக்கு உரியவை. நரம்பு முன்னோடிச் செல்லில் நெஸ்டின் என்ற இடைநிலை இழைப் புரதம் இருக்கும். அந்தச் செல் நியூரானாக (நரம்புச் செல்லாக) முதிரும்போது நெஸ்டின் மறைந்து நியூரோஃபிலமென்ட் புரதங்கள் அந்த இடத்துக்கு வருகின்றன.

5. ஆக்டினும் டியூபுலினும் எல்லாச் செல்லிலும் இருக்கின்றன என்றால், அவற்றுக்கு ‘இப்படி அமை’ என்று சொல்வது யார்?

என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தின் மையக் கேள்வி இதுதான். இழைகளை ஆள்பவை அவற்றைச் சூழ்ந்திருக்கும் துணைப் புரதங்களே. தனி ஆக்டின் மூலக்கூறுகள் தாமாகக் கூடி ஓர் இழையைத் தொடங்குவது கடினம். முதல் இரண்டு மூன்று மூலக்கூறுகள் சேர்ந்த கணமே பிரிந்துவிடும். எனவே தொடங்கிவைக்கும் புரதம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இழை பிறக்கும். ஃபார்மின் என்ற தொடக்கப் புரதம் நீண்ட, கிளையற்ற இழைகளைத் தருகிறது. ஆர்ப்2/3 என்ற கூட்டுப் புரதம் ஏற்கெனவே உள்ள இழையின் பக்கவாட்டில் அமர்ந்து, ஏறத்தாழ 70 பாகைக் கோணத்தில் கிளை முளைக்கச் செய்கிறது. பொருள் ஒன்றே, ஃபார்மினை நம்பினால் கம்பிக் கட்டு, ஆர்ப்2/3-ஐ நம்பினால் புதர்.

பிறந்த இழையை மற்றவை கவனித்துக்கொள்கின்றன. கோஃபிலின் பழைய இழைகளை வெட்டுகிறது. முனைமூடிப் புரதங்கள் வளர்ச்சியை நிறுத்துகின்றன. ஆல்ஃபா ஆக்டினின் இழைகளைப் பிணைக்கிறது. இவற்றுக்கு மேலே ரோ, ராக், சிடிசி42 எனச் சிறு புரதங்கள் சில, மின்விசை (சுவிட்ச்) போல் இயங்கு நிலைக்கும் ஓய்வு நிலைக்கும் மாறிக்கொண்டிருக்கின்றன. 1992-இல் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும், செயலூக்கம் பெற்ற ரோ புரதத்தைச் செல்லுக்குள் செலுத்தினால் தடித்த இறுக்க இழைகள் (சுருங்கி இழுக்கும் ஆக்டின் கட்டுகள்) தோன்றுவதையும், ராக் புரதத்தைச் செலுத்தினால் விளிம்பில் சவ்வு அலையலையாக எழுவதையும் காட்டினார்கள். செல் வகை மாறும்போது மரபணுக்கள் நேரடியாக ‘ஆக்டினை இங்கே வை’ என்று சொல்வதில்லை. இந்தத் துணைப் புரதங்களின் அளவையும் இருப்பிடத்தையும் விசைநிலையையும் மாற்றுகின்றன. எஞ்சியது தானாக நடக்கிறது.

6. சென்ட்ரோசோம்தான் நுண்குழல்களின் தலைமையிடம் என்று படித்தேன். தசை இழையில் சென்ட்ரோசோம் அந்த வேலையைச் செய்வதில்லை என்கிறார்களே, பிறகு நுண்குழல்கள் எங்கிருந்து வருகின்றன?

பாடநூல் படம், பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லுக்கு உரியது. அங்கே உட்கருவின் அருகே சென்ட்ரோசோம் என்ற சிறு உறுப்பு இருக்கும். அதில் காமா டியூபுலின் வளையங்கள் அச்சுபோல் நின்று நுண்குழல்களைத் தொடங்கிவைக்கும். குழல்கள் நாற்புறமும் கதிர்போல் விரியும். வேறுபாடடைந்து முதிர்ந்த செல்கள் பலவற்றில் இந்தப் படம் பொருந்தாது.

எலித் தசை முன்னோடிச் செல்களை வளர்ப்புத் தட்டில் வைத்து, ஊடகத்தில் சீரத்தின் அளவைக் குறைத்தால், அவை பெருகுவதை நிறுத்திவிட்டுச் சில நாட்களில் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட நீண்ட குழாய்களாகின்றன. இந்த மாற்றத்தை நிறமேற்றிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. சென்ட்ரோசோமில் ஒரு புள்ளியாகத் திரண்டிருந்த பெரிசென்ட்ரின், காமா டியூபுலின், ஏகேஏபி450 போன்ற புரதங்கள் அங்கிருந்து விலகி, உட்கருவின் வெளிப்பரப்பைச் சுற்றி ஒரு வளையமாகப் படிகின்றன. அவற்றை அங்கே பிடித்துவைப்பது நெஸ்ப்ரின்-1 ஆல்ஃபா என்ற உட்கருச் சவ்வுப் புரதம். அது இல்லாத செல்களில் மேற்சொன்ன புரதங்கள் உட்கருவில் சரியாகப் படிவதில்லை. அந்த நெஸ்ப்ரினை உருவாக்கத் தூண்டுவது மையோஜெனின் என்ற தசை மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம். மரபணு முதல் இழை வரையிலான சங்கிலி இவ்வளவு தெளிவாகத் தெரியும் இடங்கள் குறைவு என்பதால்தான் இதை எப்போதும் முதல் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

இவ்வாறு ஒவ்வோர் உட்கருவும் ஒரு சிறு தலைமையிடமாகிறது. அங்கிருந்து முளைக்கும் குழல்கள் தசை இழையின் நீளவாக்கில் இணையாக ஓடுகின்றன. இயக்கப் புரதங்கள் அவற்றின் வழியே உட்கருக்களை இழுத்துத் தள்ளி, இழை நெடுகிலும் இடைவெளி விட்டு நிறுத்துகின்றன.

7. எல்லா முதிர்ந்த செல்லிலும் உட்கருதான் அந்த இடத்தைப் பிடிக்கிறதா?

இல்லை, செல்லுக்குச் செல் மாறும். குடலின் உட்பரப்பு போன்ற எபிதீலியத்தில் (பரப்புகளை மூடும் செல் அடுக்கில்) கேம்சாப்3 என்ற புரதம் நுண்குழல்களின் மெதுவான முனைகளை மேற்பரப்புக்குக் கீழே கட்டிவைக்கிறது. குழல்கள் மேலிருந்து கீழாக, நட்டுவைத்த கம்பிகள்போல் நிற்கின்றன. தேவைக்கேற்ற இடத்தில் நங்கூரமிடும் இந்த உத்தி பொதுவானது. நங்கூரத்தின் பெயர் மட்டும் வேறு.

8. நியூரானில் ஒரு மீட்டர் நீளம் வரை ஆக்ஸான் இருக்கலாம் என்கிறார்கள். ஒரே மாதிரியான கிளைகளில் ஒன்று மட்டும் எப்படி ஆக்ஸானாகிறது?

ஆக்ஸான் என்பது நியூரான் செய்தியை வெளியே அனுப்பும் நீண்ட கிளை. தட்டில் வளர்க்கப்படும் எலியின் மூளை நியூரான் முதலில் நான்கைந்து குட்டைக் கிளைகளை விடும். எல்லாம் ஒரே நீளம். எது ஆக்ஸானாகும் என்று பார்வையால் சொல்ல முடியாது. ஓரிரு நாட்களுக்குள் ஒன்று மட்டும் விரைந்து நீள்கிறது. அதன் நுனியில் ஆக்டின் வலை சற்றுத் தளர்வதும், அந்தத் தளர்வுக்குள் நுண்குழல்கள் நுழைந்து உறுதிப்படுவதும் இதற்குக் காரணம். இதைச் சோதிக்க ஒரு நேர்த்தியான வழி இருக்கிறது: நுண்குழல்களை உறுதிப்படுத்தும் டாக்சால் என்ற பொருளை மிகச் சிறிய அளவில் கொடுத்தால், ஒரே நியூரானில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆக்ஸான்கள் உருவாகின்றன.

பிறகு துணைப் புரதங்கள் இடம் பிரித்துக்கொள்கின்றன. முதிர்ந்த நியூரானில் டாவ் புரதம் பெரும்பாலும் ஆக்ஸானிலும், எம்ஏபி2 புரதம் டெண்டிரைட்டிலும் (செய்தியைப் பெறும் கிளையிலும்) செல் உடலிலும் இருக்கும். ஆக்ஸானில் நுண்குழல்களின் வேகமான முனைகள் எல்லாம் வெளிப்புறம் நோக்கியிருக்க, பாலூட்டிகளின் டெண்டிரைட்டில் இரு திசைக் குழல்களும் கலந்திருக்கும். இரண்டும் டியூபுலினால் ஆனவையே என்றாலும், எந்தச் சரக்கு எங்கே போய்ச் சேரும் என்பது இந்தத் திசை வேறுபாட்டால் மாறிவிடுகிறது. ஆக்ஸானின் சவ்வுக்கு அடியில் ஆக்டின் வளையங்கள் சுமார் 190 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்காக இருப்பதும், வளையங்களை ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் இணைப்பதும் 2013-இல்தான் தெரியவந்தது.

9. இடைநிலை இழையை மாற்றுவதால் செல்லுக்கு என்ன ஆதாயம்? கெரட்டினில் ஒன்று போனால் இன்னொன்று, அவ்வளவுதானே?

தோலைப் பாருங்கள். மேல்தோலின் அடி வரிசைச் செல்கள் கெரட்டின் 5, கெரட்டின் 14 ஆகியவற்றால் ஆன வலையைக் கொண்டிருக்கின்றன. அவை பெருகுவதை நிறுத்தி மேல்நோக்கி நகரத் தொடங்கியவுடன் கெரட்டின் 1, கெரட்டின் 10 ஆகியவற்றை உருவாக்குகின்றன. இவை தடித்த கட்டுகளாகி, உராய்வையும் இழுப்பையும் தாங்குகின்றன. இறுதியில் செல் இறந்து தட்டையான செதிலாகும்போது எஞ்சுவது பெரும்பாலும் இந்தக் கெரட்டின்தான்.

ஒன்று போனால் இன்னொன்று அதன் வேலையை முழுதும் செய்துவிடாது என்பதற்கு நோயே சான்று. கெரட்டின் 5 அல்லது 14-இன் மரபணுவில் பிழை இருந்தால், சிறு உராய்விலேயே அடி வரிசைச் செல்கள் கிழிந்து தோலில் கொப்புளங்கள் எழுகின்றன. இந்தத் தொடர்பு 1991-இல் உறுதியானது. மேல் வரிசைகளில் வேறு கெரட்டின் இருப்பதால் அங்கே கிழிவதில்லை. கொப்புளம் அடி வரிசையில்தான் தோன்றும்.

10. எபிதீலியச் செல் மீசன்கைம் செல்லாக மாறுவது என்று புற்றுநோய்ப் பாடத்தில் வருகிறது. அதில் சட்டகத்துக்கு என்ன நேர்கிறது?

மீசன்கைம் செல் என்பது அண்டைச் செல்களோடு இறுகப் பிணையாமல் தளர்வாக நின்று நகரக்கூடிய செல். முதலில், இந்த மாற்றம் புற்றுநோயின் கண்டுபிடிப்பு அல்ல. வளரும் கருவில் அடுக்குகள் உருவாகும்போதும், நரம்பு முகடுச் செல்கள் பிரிந்து பயணம் போகும்போதும் இயல்பாக நடப்பதுதான். புற்றுச்செல் அந்தப் பழைய வழியை எடுத்துக்கொள்கிறது. ஸ்னெயில், ட்விஸ்ட், செப் போன்ற மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதங்கள் தலையெடுக்கும்போது, அண்டைச் செல்களைப் பிணைக்கும் இ-காட்ஹெரின் குறைகிறது. அந்தப் பிணைப்போடு ஒட்டி, செல்லைச் சுற்றி ஒட்டியாணம்போல் இருந்த ஆக்டின் கச்சை அவிழ்கிறது. அதே ஆக்டின், செல்லின் குறுக்கே ஓடும் இறுக்க இழைகளாகவும் முன்விளிம்பின் கிளைவலையாகவும் மறுபடி அமைகிறது. எப்படி என்பதற்கு ஐந்தாம் கேள்வியில் சொன்ன ரோ, ராக் விசைகளே விடை. கெரட்டின் குறைந்து, விமென்டின் என்ற வேறோர் இடைநிலை இழைப் புரதம் கூடுகிறது. கேள்வி 7-இல் பார்த்த மேல்-கீழ் ஒழுங்கும் குலைந்து, முன்-பின் ஒழுங்கு வருகிறது.

11. முதலில் மாறுவது மரபணுவா, சட்டகமா?

இதுவரை மரபணு கட்டளையிட, சட்டகம் கீழ்ப்படிவதாகவே எழுதிவந்தேன். அது பாதிக் கதை. எம்ஆர்டிஎஃப் என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். செல்லில் தனி ஆக்டின் மூலக்கூறுகள் மிகுந்திருக்கும்போது, அவை எம்ஆர்டிஎஃபைப் பற்றிப்பிடித்து, உட்கருவில் செயல்படவிடாமல் தடுக்கின்றன. இறுக்க இழைகள் உருவாகத் தொடங்கினால் தனி மூலக்கூறுகள் இழைக்குள் இழுக்கப்பட்டுவிடும். பிடி விட்ட எம்ஆர்டிஎஃப் உட்கருவுக்குள் போய், எஸ்ஆர்எஃப் என்ற துணையுடன் சேர்ந்து மரபணுக்களை இயக்குகிறது. அந்த மரபணுக்களில் ஆக்டினும் அதன் துணைப் புரதங்களும் அடக்கம். இழை உருவானால் இன்னும் இழைக்கான பொருள் உருவாகும். காயம் ஆறும்போது நார்ச்செல் (திசுக்களின் நார்களை உருவாக்கும் செல்) சுருங்கும் செல்லாக மாறுவதில் இந்தச் சுழற்சி பெரிய பங்கு வகிக்கிறது.

வடிவமே விதியைத் திருப்பிய ஆய்வும் உண்டு. 2004-இல் வெளியான ஆய்வொன்றில், எலும்பு மஜ்ஜையின் மீசன்கைமல் குருத்தணுக்களை ஒட்டக்கூடிய சிறு திட்டுகளில் உருண்டையாக நிற்க வைத்தபோது அவை கொழுப்புச் செல் திசையிலும், பெரிய திட்டுகளில் பரவவிட்டபோது எலும்புச் செல் திசையிலும் சென்றன. ஊடகம் இரண்டுக்கும் ஒன்றே. ரோஏ புரதத்தை அடக்கியும் தூண்டியும் இதே திருப்பத்தைக் கொண்டுவர முடிந்தது. 2006-இல், அடித்தளத்தின் விறைப்பை மட்டும் மாற்றினால் அவை மென்மையான தளத்தில் நரம்பின் சாயலையும், விறைப்பான தளத்தில் எலும்பின் சாயலையும் காட்டுவது தெரிந்தது; மயோசினைத் தடுத்தால் அந்த வேறுபாடு மறைந்தது. இழுத்துப் பார்த்துத்தான் செல் விறைப்பை உணர்கிறது. ஆகவே ‘முதலில் எது’ என்று கேட்பதைவிட, இருபுறமும் செய்தி ஓடும் வளையத்தில் எங்கிருந்து தூண்டினோம் என்று கேட்பதே பொருந்தும்.

12. அப்படியானால் சட்டகத்தை மட்டும் மாற்றியே எந்தச் செல்லையும் எந்தச் செல்லாகவும் ஆக்கிவிடலாமா?

முடியாது. முந்தைய விடையில் வந்த குருத்தணுக்களுக்குக் கொழுப்பாகவும் எலும்பாகவும் மாறும் வாய்ப்பு ஏற்கெனவே இருந்தது. சட்டகம் இருந்த வழிகளில் ஒன்றைத் தேர்ந்தது, புது வழியை வெட்டவில்லை. வகையையே தூக்கிப்போட வேண்டுமானால் மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் தேவை: 1987-இல் ஹரோல்ட் வெயின்ட்ராபின் குழு, மையோடி என்ற ஒரே மரபணுவைக் கொண்டு நார்ச்செல்களைத் தசை வழிக்குத் திருப்பியது, 2006-இல் ஷின்யா யமனாகாவின் குழு நான்கு மரபணுக்களைக் கொண்டு எலியின் நார்ச்செல்களைக் குருத்தணு நிலைக்குக் கொண்டுசென்றது.

ஆனால் இங்கும் சட்டகம் ஒதுங்கி நிற்பதில்லை. யமனாகா முறையில் மாறும் நார்ச்செல்கள் தொடக்கத்திலேயே, கேள்வி 10-இல் சொன்ன மாற்றத்தின் தலைகீழ் வடிவத்தைக் கடந்தாக வேண்டும் என்று 2010-இல் காட்டப்பட்டது: பரந்த செல்கள் சுருங்கி, இ-காட்ஹெரினால் ஒட்டிக்கொண்டு, நெருக்கமான குழுக்களாகின்றன. அதைத் தடுத்தால் மாற்றமும் தடைபடுகிறது.

13. சட்டகத்தின் பெரும்பகுதியை இழந்துவிட்டும் வாழும் செல் உண்டா?

நம் சிவப்பணு. முதிரும்போது உட்கருவை வெளியேற்றிவிடுகிறது. நுண்குழல்களும் இடைநிலை இழைகளும் போய்விடுகின்றன. சவ்வுக்கு அடியில் குட்டையான ஆக்டின் துண்டுகளை ஸ்பெக்ட்ரின் இணைத்து அமைத்த வலை மட்டும் எஞ்சுகிறது. அந்த வலை இருப்பதால்தான் தன்னைவிடக் குறுகிய நாளங்களில் நசுங்கி நுழைந்து, மறுபுறம் பழைய வடிவத்துக்குத் திரும்பி, ஏறத்தாழ 120 நாட்கள் தாக்குப்பிடிக்கிறது. ஸ்பெக்ட்ரினிலோ அதைச் சவ்வோடு பிணைக்கும் அன்கிரினிலோ குறை இருந்தால் செல் உருண்டையாகி, மண்ணீரலில் சீக்கிரம் அழிகிறது. பறவைகளின் சிவப்பணு உட்கருவையும், விளிம்பில் நுண்குழல் வளையத்தையும் வைத்துக்கொள்கிறது.

14. நுண்குழலைத் தாக்கும் புற்றுநோய் மருந்து பிரியாத நியூரானை ஏன் பாதிக்க வேண்டும்?

டாக்சால், வின்கிறிஸ்டின் போன்றவற்றின் இலக்கு பிரியும் செல்லின் நுண்குழல்கள். நியூரான் பிரிவதில்லை என்றாலும் எட்டாம் கேள்வியில் பார்த்ததுபோல் ஆக்ஸானின் முழு நீளப் போக்குவரத்தும் அதே குழல்களை நம்பியிருக்கிறது. மிக நீண்ட ஆக்ஸான்கள் முடியும் கால்விரல்களிலும் கைவிரல்களிலும் மரத்துப்போதல் முதலில் தெரிவதன் காரணம் பெரிதும் இதுவே.

15. விமென்டின் தெரிந்தால் அது மீசன்கைம் செல், கெரட்டின் தெரிந்தால் எபிதீலியச் செல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

நோயறிதலில் இது பயனுள்ள முதல் படி. ஒரு கட்டி எந்தத் திசுவிலிருந்து வந்தது என்று அறிய கெரட்டின், விமென்டின், தசைக்குரிய டெஸ்மின், நரம்புத் துணைச் செல்லுக்குரிய ஜிஎஃப்ஏபி ஆகியவற்றுக்கு நிறமேற்றிப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவு கட்டுவது ஆபத்து. பாதி மாற்றத்தில் நிற்கும் செல்களில் இரண்டும் சேர்ந்தே காணப்படும்; எபிதீலியச் செல்களை உடலிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்க்கத் தொடங்கினாலே பல வேளைகளில் விமென்டின் தோன்றிவிடும்.

விமென்டின் அடையாளம் மட்டும்தானா, வேலையும் செய்கிறதா என்பது அடுத்த கேள்வி. எபிதீலியச் செல்களில் விமென்டினை மட்டும் உருவாக்கச் செய்தாலே அவை நீண்ட, மீசன்கைம் போன்ற வடிவத்தை எடுப்பதாக 2010-இல் காட்டப்பட்டது. மறுபுறம், விமென்டினே இல்லாத எலிகள் பிறந்து, வளர்ந்து, குட்டி போடுகின்றன. அவற்றுக்குக் காயம் ஏற்பட்டால்தான் ஆறுவதில் தாமதம் தெரிகிறது.